கைகள் எங்கே? ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குத் திறந்த மடல்

நிலைய இயக்குநர், செய்தி ஆசிரியர், ஒளிபரப்புப் பொறியாளர் ஆகியோருக்கு,

உங்கள் ஏழு மணிச் செய்தியில் திரையின் வலது மூலையில் ஒரு பெண் நின்று சைகை மொழியில் செய்தி சொல்கிறார். ஆயுத பூஜையிலிருந்து அவருடைய முகம் மட்டும்தான் எங்களுக்குத் தெரிகிறது. கைகள் தெரிவதில்லை.

அன்றைக்குத்தான் ‘புதுத் தோற்றம்’ என்று அறிவித்தீர்கள். கீழே ஒரு பட்டைக்கு இரண்டு பட்டை வந்தது. ஒன்றில் செய்தி ஓடுகிறது, இன்னொன்றில் நகைக்கடை விளம்பரம். நிலையத்தின் சின்னமும் பெரிதாகிக் கீழே இறங்கிவிட்டது. இத்தனைக்கும் இடம் வேண்டுமே என்று சைகைப் பெட்டியைச் சுருக்கினீர்கள். சுருக்கியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அதன் கீழ்ப்பாதிக்கு மேலேயே பட்டையையும் ஓடவிட்டீர்கள். ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 15 நிமிடச் செய்தியில் 9 நிமிடத்துக்கு மேல் அந்தப் பெண்ணின் கைகள் மார்புக்குக் கீழே போனதும் காணாமல் போயின. சந்தேகம் இருந்தால் என் கைப்பேசியில் நாற்பதுக்கு மேல் படங்கள் இருக்கின்றன, தேதியோடு. ஒரு படத்தில் அவர் இரண்டு கையையும் விரித்து ஏதோ பெரிய விஷயம் சொல்கிறார். மணிக்கட்டுக்குக் கீழே ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று ஓடுகிறது.

நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்குவது என் நோக்கம் இல்லை. தவிர, சென்னையிலிருந்து இயங்கும் இன்னும் சில நிலையங்கள் இதைப் படித்தால் தங்களுக்கு எழுதியதோ என்று நினைக்கலாம். நினைக்கட்டும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேறொரு தமிழ் அலைவரிசையில் 22 வருடம் சிஜி ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். செய்தி வாசிப்பவரின் பெயரையும், ஃப்ளாஷ் நியூஸையும், ஸ்க்ரோலையும் தட்டித் திரையில் ஏற்றுவது என் வேலை. இன்னொரு அடையாளமும் உண்டு. என் அக்காவுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து போனது. போகும்போது செவியையும் கொண்டுபோய்விட்டது. மாமாவும் அப்படித்தான். அக்கா தையல் வேலை, மாமா அச்சகத்தில் பைண்டிங். இருவரும் சென்னைப் புறநகரான முடிச்சூரில் இருக்கிறார்கள்.

உங்கள் ஏழு மணிச் செய்தி அந்த வீட்டில் எப்படிப் பார்க்கப்படுகிறது தெரியுமா? ஆறே முக்காலுக்கே அக்கா அடுப்பை அணைத்துவிடுவார். நமக்கென்றால் கீரை ஆய்ந்துகொண்டே செய்தி கேட்கலாம், காது தானாக வேலை செய்யும். அவர்களுக்குக் கண்ணை எடுத்தால் செய்தி போச்சு. அதனால் இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதுவதுபோல உட்கார்ந்து பார்ப்பார்கள். உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு அக்கா ஒரு சைகைப் பெயர் வைத்திருக்கிறார். கன்னத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு குத்து. அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழும். அவர் ஒரு வாரம் வரவில்லை என்றால், ‘கன்னக்குழிக்கு உடம்பு சரியில்லையா?’ என்று என்னிடம் விசாரிப்பார், ஏதோ நான் உங்கள் கட்டடத்திலேயே வேலை பார்ப்பதுபோல.

சரி, கை தெரியாவிட்டால் என்ன, கீழே ஸ்க்ரோல் ஓடுகிறதே, படித்துக்கொள்ளலாமே என்று உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காவுக்குத் தாய்மொழி தமிழ் இல்லை. எங்கள் அம்மா தமிழில் பேசியதை இரண்டு வயதுக்குப் பிறகு அவர் கேட்டதே இல்லையே. அவருடைய மொழி சைகை மொழி. தமிழ் அவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தாகப் பார்த்துக் கற்ற இரண்டாவது மொழி. பெயர்களைப் படிப்பார், விலையைப் படிப்பார், பேருந்துப் பலகையைப் படிப்பார். ஆனால் ஓடுகிற வாக்கியத்தின் வால் அவருக்குப் பிடிபடாது. தமிழிலோ எல்லாம் வாலில்தான் இருக்கிறது. ‘வெளியேற வேண்டும்’, ‘வெளியேற வேண்டாம்’. நடுவில் இருப்பது ஒரு டுவுக்கும் ஒரு டாவுக்கும் உள்ள வித்தியாசம், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது. சைகையில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. வேண்டாம் என்றால் கையோடு தலையும் ஆடும், முகமும் மாறும்.

முகம் தெரிகிறதே என்பீர்கள். முகம் பாதிதான். கேள்வியா, கட்டளையா, அச்சமா என்பதைப் புருவமும் உதடும் சொல்லும். எது, எங்கே, எப்போது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். அதிலும் ஊர்ப் பெயர் வந்தால் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளை விரலில் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். இந்தியச் சைகை மொழியில் அதற்கு இரண்டு கையும் வேண்டும். ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்துக்கும் ஒரு கையின் ஐந்து விரல்களை மறு கை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். எந்த விரலைத் தொடுகிறார் என்று தெரியாவிட்டால் எந்த எழுத்து என்று தெரியாது, எந்த எழுத்து என்று தெரியாவிட்டால் எந்த ஊர் என்று தெரியாது. வரதராஜபுரமா, வேளச்சேரியா? மழைநாளில் எங்களுக்கு வேண்டியது அதுதானே.

2015 டிசம்பர் 1 இரவை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாற்றில் வெள்ளம் வந்து முடிச்சூருக்குள் ஏறியபோது தெருவில் மைக் வைத்துச் சொன்னார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாராம். அக்காவும் மாமாவும் விழித்தது கட்டில் நனைந்த பிறகு. மின்சாரம் இல்லை. இருட்டில் காது கேளாத இருவர் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் டார்ச்சைப் பிடிக்க வேண்டும், மற்றவர் பேச வேண்டும். பிறகு டார்ச்சை வாங்கிக்கொண்டு அவர் பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பேசிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் மழைக்காலத்தில் மின்சாரம் இருக்கும்போதே செய்தியைப் பார்த்து முடிவெடுத்துவிட வேண்டும் என்ற பழக்கம் அந்த வீட்டில் வந்தது.

உங்கள் நிலையம் அதற்கு உதவியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமானவன் இல்லை. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது அக்காதான். வீடியோ அழைப்பில் வந்து, இரண்டு கையையும் விமானமாக்கி, பிறகு பூட்டைப் பூட்டினார். காதுள்ள தம்பிக்குக் காது கேளாத அக்கா செய்தி சொன்ன பெருமை அவர் முகத்தில் ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு உங்கள் சைகைப் பெட்டி பெரிதாக, முழுதாக இருந்தது.

போன ஐப்பசியில் ஒரு நாள். புதுத் தோற்றம் வந்துவிட்டது. நல்ல மழை. உங்கள் ஏழு மணிச் செய்தியில் கன்னக்குழியின் முகம் கவலையாக இருந்தது, கை தெரியவில்லை. பட்டையில் ஊர்ப் பெயர்கள் ஓடின, முடிச்சூரும் ஓடியது, கடைசியில் வெளியேறுவது பற்றி ஏதோ ஒன்று. முகத்தையும் எழுத்தையும் கூட்டிப் பார்த்து இருவரும் ‘வெளியேற வேண்டும்’ என்று முடிவு செய்தார்கள். ஒரு பையில் துணி, மருந்து, குடும்ப அட்டை. முகாம் இருக்கும் என்று நினைத்த பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. திரும்பி வரும் வழியில் தோண்டிப்போட்ட சாலையில் மாமா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. பிறகு நான் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அன்றைய அறிவிப்பு மக்கள் அவசியமின்றி வெளியே வர வேண்டாம் என்பது.

மாமாவின் கை உடைந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாலையைத் தோண்டியவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். ஆனால் மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது. சைகையில் பேசுகிறவருக்கு வலது கையில் கட்டுப் போட்டால் அது எலும்பு முறிவு மட்டும் இல்லை, வாயில் பிளாஸ்திரி. அந்த ஆறு வாரமும் மாமா இடது கையால் திக்கித் திக்கிப் பேசினார். அக்கா இன்றுவரை அதைக் கேலி செய்கிறார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இதற்குப் பிறகு உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ‘தங்கள் கருத்து உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது’ என்று ஒரு பதில். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. தொலைபேசியில் ஒருவர், ‘டெக்னிக்கல் ரீசன் சார், டெம்ப்ளேட்டே அப்படித்தான் வந்திருக்கு’ என்றார்.

அந்த டெக்னிக்கல் ரீசனை நானே சொல்கிறேன். சைகைப் பெண் ஒரு சின்ன அறையில் பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கிறார். அவரைப் பெட்டிக்குள் வைத்து மூலையில் ஒட்டுவது பிசிஆர், அதாவது செய்தியைத் தயாரிக்கும் கட்டுப்பாட்டு அறை. அங்கே இருக்கும் மானிட்டரில் பெட்டி முழுதாகத் தெரியும், கையும் தெரியும். விளம்பரப் பட்டையும் ஓடும் செய்தியும் எல்-பேண்ட் என்ற ‘எல்’ வடிவ விளம்பரச் சட்டமும் ஏறுவது அதற்கடுத்த கட்டத்தில், எம்சிஆரில், அதாவது படம் கடைசியாக வெளியே போகும் முதன்மைக் கட்டுப்பாட்டு அறையில். பிசிஆர் அனுப்பிய படத்தின் தலைக்கு மேலே அவை ஒட்டப்படுகின்றன. அதனால் செய்தித் தயாரிப்பாளர் பார்க்கும் படம் வேறு, முடிச்சூரில் அக்கா பார்க்கும் படம் வேறு. எம்சிஆரில் இருப்பவருக்கோ விளம்பரம் நேரத்துக்கு ஏறியதா என்பதுதான் கவலை. பாவம், அவருடைய ஷிஃப்ட் அப்படி. நான் அந்தப் பக்கம் இருந்தபோது நானும் இதைச் செய்தவன்தான். ஒரு முறை சைகைச் செய்தியின் மேல் ஃப்ளாஷ் பட்டையை ஏற்றிவிட்டு, அதைத் துளிக்கூட உணராமல் டீ குடிக்கப் போனேன். அன்று இரவு அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அவ்வளவுதான்.

எல்-பேண்ட் இன்னும் மோசம். விளம்பரத்துக்காக மொத்தப் படத்தையும் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளும்போது, ஏற்கெனவே சுருங்கிய பெட்டி இன்னும் சுருங்குகிறது. எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் கேபிள் செட்டாப் பாக்ஸில் வருவது எஸ்டி படம், குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576. உங்கள் பெட்டி இப்போது திரையின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 120 புள்ளி. அதற்குள் ஒரு ஆள், அவர் கையை விரிக்கும் இடம் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு விரலுக்கு இரண்டு புள்ளி தேறினால் அதிகம். போதாததற்கு, கேபிளில் வரும் படத்தை அமுக்கித்தான் அனுப்புகிறார்கள். அப்படி அமுக்கும்போது வேகமாக அசைவதுதான் முதலில் கலங்கும். திரையில் வேகமாக அசைவது எது? அந்த விரல்கள்தான். கீழே கேபிள்காரர் தன் பங்குக்குப் பிரியாணிக் கடை விளம்பரம் ஒன்றை ஓட்டுவார், அது உங்கள் கையில் இல்லை. ஆனால் பெட்டியைக் கீழ் மூலையிலிருந்து மேலே நகர்த்துவது உங்கள் கையில் இருக்கிறது.

எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் தொலைக்காட்சிக்கான வழிகாட்டு நெறியிலேயே, சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் படத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் வேண்டும் என்று இருக்கிறது. அது பரப்பளவில். உங்கள் பெட்டி அகலத்தில் ஆறில் ஒன்று, உயரத்தில் நாலில் ஒன்று. பெருக்கினால் 24-ல் ஒன்று. வெளிநாடு வேண்டாம் என்றால், 1987-லேயே தூர்தர்ஷன் காது கேளாதோருக்கென்று ஞாயிறுதோறும் செய்தி ஒளிபரப்பத் தொடங்கியது. வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அக்கா அதைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சின்னத் திரையிலும் கை தெரிந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 42-வது பிரிவு, மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பும் வசன வரிகளும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதையொட்டி 2019 செப்டம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் செவித்திறன் குறையுடையோருக்கான தொலைக்காட்சித் தரநிலைகளை வெளியிட்டது. செய்தி நிலையங்கள் நாளுக்கு ஒரு செய்தி அறிக்கையையாவது அப்படித் தர வேண்டும் என்பது அதில் தொடக்கம். நேரலைக்கு விலக்கு உண்டே என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லக்கூடும். உண்டுதான். ஆனால் நான் விலக்குப் பெற்ற நேரலையைப் பற்றிப் பேசவில்லை. சைகைச் செய்தி என்று நீங்களே அட்டவணையில் போட்டு, ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து நிற்கவைத்து, அவர் கையை நீங்களே மறைப்பதைப் பற்றிப் பேசுகிறேன். கணக்கில் சைகைச் செய்தி ஒளிபரப்பானது என்று எழுதியிருப்பீர்கள். அது ஒளிபரப்பாகவில்லை.

டிஆர்பி இல்லை என்ற பதிலும் எனக்கு வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் 50 லட்சத்துக்கு மேல். அவர்களும் தங்கம் வாங்குகிறார்கள் என்பதை உங்கள் விளம்பரப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அக்கா போன வருடம் மகளுக்கு ஐந்து சவரன் எடுத்தார், உங்கள் பட்டையில் ஓடும் அதே கடையில்.

ஞாயிறு மாலை அக்காவின் தோழிகள் கண்ணகி சிலைக்குப் பக்கத்தில் கூடுவார்கள். இருட்டியதும் எல்லாரும் ஒரு விளக்குக் கம்பத்தடிக்கு நகர்ந்துவிடுவார்கள், வெளிச்சம் இல்லாமல் பேச முடியாதே. அங்கே போய் இந்தக் கடிதத்தை எழுதப்போவதாகச் சொல்லி, என்ன கேட்க வேண்டும் என்று கேட்டேன். கீழே உள்ளது என் கோரிக்கை மட்டும் இல்லை, அவர்களுடையதும்.

சைகைச் செய்தி ஓடும் அந்த 15 நிமிடத்துக்கு மட்டும் விளம்பரப் பட்டையையும் எல்-பேண்டையும் எம்சிஆரில் நிறுத்துங்கள். 24 மணி நேரத்தில் 15 நிமிடம். அதற்கு ரன்டவுனில், அதாவது நிகழ்ச்சி வரிசைப் பட்டியலில், ஒரு குறிப்புப் போதும், புது எந்திரம் எதுவும் வேண்டாம். மழை எச்சரிக்கை, வெள்ள எச்சரிக்கை ஓடும் நாளில் எந்த நேரச் செய்தியாக இருந்தாலும் சைகைப் பெண் திரையில் இருக்கும்வரை இதே விதி வேண்டும்.

பெட்டியைப் படத்தில் ஆறில் ஒரு பங்காக்கி, வலது கீழ் மூலையிலிருந்து வலப்பக்கத்தின் நடுவுக்கு ஏற்றுங்கள். தலைக்கு மேல் ஒரு கையளவு, இடுப்புவரை முழுதாக, இரண்டு முழங்கையும் உள்ளே வரும்படி. அந்தப் பெண்ணின் பின்னால் இப்போது ஓடும் நகரப் படத்தை எடுத்துவிட்டு ஒரே நிறமாக வையுங்கள். அவருக்குப் பளபளப்பில்லாத உடையும் கொடுங்கள். ஜரிகைப் புடவையில் விரல் தெரியாது என்று அக்கா தையல்காரராகவே சொல்கிறார்.

சைகைப் பெண் நிற்கும் அறையில் அவர் பார்க்கும்படி ஒரு மானிட்டர் வையுங்கள், எம்சிஆரிலிருந்து கடைசியாக வெளியே போகும் படம் அதில் ஓடட்டும். தன் கை மறைந்தால் அவரே கையைத் தூக்கிச் சொல்லிவிடுவார். டெம்ப்ளேட் மாற்றும்போதெல்லாம் ஒளிபரப்புவதற்கு முன் காது கேளாத இருவரை அழைத்துக் காட்டுங்கள். முடிச்சூரிலிருந்து வர அக்காவும் மாமாவும் தயார், பேருந்துக் காசுகூடக் கேட்க மாட்டார்கள். உங்கள் எம்சிஆர் ஷிஃப்ட்காரர்களுக்கு ஒரு மணி நேரம் இதை விளக்கிச் சொல்ல நான் தயார், எனக்கும் காசு வேண்டாம்.

இதில் எது முடியும், எது முடியாது என்று ஆடிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். முடியாததற்குக் காரணமும் எழுதுங்கள், டெக்னிக்கல் ரீசன் என்று மட்டும் எழுதாமல். மாற்றத்தைப் புரட்டாசிக்குள் திரைக்குக் கொண்டுவாருங்கள். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிஜி ஆபரேட்டர் ஒருவன்,
முடிச்சூர் வீட்டுக்காக